பிரிக்காத கட்டு

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் பார்வை தீர்க்கமாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் நம் கண்ணாடிக்காரர் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கொடுக்கிற மனிதருக்குத் தன் கண்மேல் கொஞ்சம் கர்வம் இருப்பது இயற்கைதானே. கொஞ்சம் என்றா சொன்னேன்? மலையளவு இருந்தது. அவர் மனைவியைக் கேட்டால் இன்னும் கூட்டித்தான் சொல்வாள்.

லென்ஸ் தேய்க்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவருக்குப் பழைய சீட்டுக்கட்டுகள்தான். ஆடுகிற பழக்கம் கிடையாது. "ஆடுறவன் சீட்டைக் கெடுப்பான்" என்பது அவர் கட்சி. பழைய கட்டு வேண்டும், அது கடையில் விற்பனைக்கு வந்தபோது இருந்த அசல் அட்டைப்பெட்டியும் கூடவே வேண்டும். கட்டு மட்டும் கிடைத்தால் முகத்தைச் சுளிப்பார். பெட்டி மட்டும் கிடைத்தால் பெருமூச்சு விடுவார். இரண்டும் சேர்ந்து கிடைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சாம்பார் உப்பாக இருந்தாலும் வாய் திறக்க மாட்டார். கூடத்தில் கண்ணாடி போட்ட அலமாரி நிறைய அவைதான்.

"நூத்துக்கணக்குல ராஜா ராணி குடியிருக்காங்க. ஒருத்தராவது எழுந்து வந்து ஒரு தட்டுக் கழுவி வெச்சதுண்டா?" என்று மனைவி கேட்பாள். அவர் காதில் விழாது.

ஆனால் அந்த வித்தையில் ஆள் சூரன்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கட்டைக் கையில் கொடுத்தால் முதலில் இஸ்பேட் ஆஸை உருவுவார். அந்தக் காலத்துக் கம்பெனிகள் தங்கள் பெயரையும் விலாசத்தையும் அந்த ஒற்றைச் சீட்டில் அச்சடித்திருக்கும். பெட்டியிலும் விலாசம் இருக்கும். இரண்டும் ஒரே விலாசம் சொன்னால் பொருத்தமான ஜோடி. ஆஸ் ஒன்று சொல்லி, பெட்டி வேறொன்று சொன்னால், யாரோ ஒருவன் பெட்டியைத் தொலைத்துவிட்டு, கிடைத்த பெட்டிக்குள் கட்டைத் திணித்திருக்கிறான் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெயிண்ட் கடை மாடியில் கூடுகிற சேகரிப்பாளர்கள் அப்படிப்பட்ட ஜோடிக்கு 'ரெண்டாந்தாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியை மூக்கருகே பிடித்து, உதட்டைப் பிதுக்கி, "ரெண்டாந்தாரம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அலமாரியின் நடுத்தட்டில், வெல்வெட் துணிமேல், அவருடைய உயிர் இருந்தது. புறா மார்க் கட்டு. பெட்டிமேல் இரண்டு புறாக்கள் அலகோடு அலகு உரசும் படம். அதன்கீழே, கம்பெனி முதன்முதலில் இருந்த பாலத்தடி விலாசம். பிற்பாடு கம்பெனி ரயிலடிப் பக்கம் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது. அதனால் பாலத்தடிப் பெட்டி என்றாலே தனி மதிப்பு. அதிலும் இது பிரிக்காத கட்டு. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டி வாயில் குறுக்காக ஒட்டிய காகிதப் பட்டை ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. அதை யாரும் தொடக்கூடாது. மனைவி தூசு தட்டப் போனாலே, "ஏம்மா, அது பக்கம் போகாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கத்துவார்.

இனி, மாமனார் விஷயத்துக்கு வருவோம். வந்துதானே ஆக வேண்டும்.

கண்ணாடிக்காரரின் மாமனார் கப்பலில் சமையற்காரராக இருந்தவர். காதில் பூச் சுற்றுவதில் மன்னர். ஒரு மீன் கதை சொல்வார். முதல் தடவை கேட்டபோது அந்த மீனை ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அடுத்த தடவை பத்துப் பேர். மகள் கல்யாணப் பந்தியில் சொன்னபோது கேப்டனே கோட்டைக் கழற்றிவிட்டு இழுக்க வந்துவிட்டார். எல்லாக் கதையிலும் கடைசியில் ஜெயிப்பவர் மாமனார்தான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார், யாருக்கும் நஷ்டமில்லை.

அவரிடம் ஒரு புறா மார்க் கட்டு இருந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. கப்பல் துறைமுகத்தில் நின்றபோது, மகன் பிறந்திருக்கிறான் என்று தந்தி வந்ததாம். சந்தோஷத்தில் கரையிறங்கி, முதலில் கண்ணில் பட்ட கடையில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கினாராம். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து தானே பட்டையைக் கிழித்துப் பிரித்தாராம். கூட வேலை செய்தவர்களோடு ஆடினாராம். தோற்றாராம். அவ்வளவுதான் கதை.

அந்த மகன்தான் ரொட்டிக் கடைக்காரர். கண்ணாடிக்காரருக்கு மச்சான், மனைவியின் அண்ணன். மாப்பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் இந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் அழைத்துக்கொண்டு பெயிண்ட் கடை மாடிக்கு வந்தார். மாமனார் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். தந்திக் கதையை நின்றுகொண்டே சொன்னார். சொல்லி முடித்துக் கட்டைப் பெட்டிக்குள் விட்டுக் காட்டினார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

"பாருங்க மாப்பிள்ளை, எப்படி உக்காருதுன்னு. ஒண்ணோட ஒண்ணு பிறந்தது இது."

கண்ணாடிக்காரர் ஆஸை உருவினார். ஆஸில் ரயிலடி விலாசம். பெட்டியைத் திருப்பினார். பெட்டியில் பாலத்தடி விலாசம்.

நல்ல மனிதராக இருந்திருந்தால் அங்கே என்ன செய்திருப்பார்? பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, "நல்ல கட்டு மாமா" என்று சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து மெதுவாக ஒரு வார்த்தை கேட்டிருப்பார். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களே! சொந்த மாமனார் என்பதால் சலுகை கொடுத்தான் என்று யாராவது சொல்லிவிட்டால்? அவர் அன்றைக்கு எல்லோரும் பார்க்கட்டும் என்று தன்னுடைய பிரிக்காத கட்டையும் கொண்டுவந்திருந்தார். அதை உள்ளங்கையில் ஏந்தி உயர்த்திக் காட்டினார்.

"இதோ, கட்டுப் பிரிக்காத சாட்சி. பாலத்தடிப் பெட்டின்னா உள்ளே பாலத்தடி ஆஸ்தான் இருக்கும். மாமா வெச்சிருக்கிறதுல பெட்டியும் அசல், சீட்டும் அசல். கதைதான் டூப்ளிகேட். ரெண்டாந்தாரம்!"

மாடியே சிரித்தது. மாமனாரும் சிரிக்கப் பார்த்தார். எப்போதும் சிரிப்பவர்தானே. ஆனால் இந்தத் தடவை முகம் ஒத்துழைக்கவில்லை. "இல்ல மாப்பிள்ளை, நான்தான் பிரிச்சேன், இந்தக் கையாலதான்" என்று கையை நீட்டிக் காட்டினார். யாரோ, "அந்த மீனையும் இந்தக் கையாலதானே இழுத்தீங்க?" என்று கேட்க, இன்னொரு சிரிப்பு கிளம்பியது.

அதன்பிறகு கண்ணாடிக்காரரின் பெயர் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. மாமனார் என்றுகூடப் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி சொன்ன மனுஷன் என்று வெளியூர்க்காரர்கள்கூடத் தேடி வந்து கட்டுகளைக் காட்டினார்கள். வீட்டிலும் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் வேடிக்கை. மச்சான் மாப்பிள்ளையைத்தான் நம்பினார். மகளும் கட்டியவரைத்தான் நம்பினாள். "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அப்பாவைக் கிண்டல்கூடச் செய்தாள். மாமனார் அதற்குப்பின் ரொம்ப நாள் இருக்கவில்லை. இரண்டொரு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். மச்சான் சேகரிப்பை விட்டுவிட்டு ரொட்டியோடு நின்றுகொண்டார். எல்லாம் பழங்கதையாகிப் பல வருஷங்கள் ஓடிவிட்டன.

அப்படியே ஓடியிருக்கலாம். நர்சம்மா கடைக்கு வராமல் இருந்திருந்தால்.

நர்சம்மா ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றிருந்தது, வாய் இன்னும் டியூட்டியில் இருந்தது. கண்ணாடிக் கால் உடைந்துவிட்டது என்று வந்தார். கைப்பையைக் கவிழ்த்துக் கண்ணாடியைத் தேடும்போது, சாவி, மாத்திரை, கைக்குட்டையோடு ஒரு சீட்டுக்கட்டும் மேஜைமேல் விழுந்தது. புறா மார்க்.

கண்ணாடிக்காரரின் கை தானாக நீண்டது. பெட்டியில் பாலத்தடி. ஆஸை உருவினார். ரயிலடி.

"என்ன தம்பி, அப்படி வெறிச்சுப் பார்க்கறீங்க? தனியா இருக்கேன், பொழுது போகலைன்னா பரப்பி வெச்சுக்கிட்டு நானே ஆடுவேன். தப்பா?"

"அதில்லைம்மா. இந்தப் பெட்டிக்கு இந்தக் கட்டு இல்ல. யாரோ மாத்திப் போட்டிருக்காங்க."

"யாரு மாத்துவா? நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஹாஸ்டல்ல, என் கையால பட்டையைக் கிழிச்சுப் பிரிச்ச கட்டு இது. அன்னையிலிருந்து என்கிட்டதான் இருக்கு."

"உங்களுக்கு ஞாபகம் தப்பியிருக்கும். ரொம்ப நாளாச்சு இல்லையா..."

நர்சம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, எந்த வார்டுல எந்தக் கட்டில்ல யாருக்கு எத்தனை டிகிரி ஜுரம் அடிச்சுதுன்னு இன்னைக்கும் சொல்வேன். பிரிச்சது நானா, நீங்களா? பக்கத்துல நின்னு பார்த்தவர் மாதிரி பேசறீங்களே!"

கண்ணாடிக்காரர் ஆஸைக் கட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிக் காலை மாட்டிக் கொடுத்தார். இந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். மாமனார் கப்பலில் இருந்தவர். ஒருவரையொருவர் கண்ணால் கண்டதில்லை. ஒரே பெட்டிக்குள் ஒரே மாதிரி தவறான கட்டை இரண்டு பேரும் எப்படித் திணித்திருக்க முடியும்? ஒருவர் சொன்னால் புளுகு. இரண்டு பேர் சொன்னால்?

ஒரு கம்பெனி இடம் மாறுகிறது. புது விலாசத்தோடு சீட்டு அச்சடிக்கிறார்கள். பழைய விலாசம் போட்ட பெட்டிகள் மூட்டை மூட்டையாக மிஞ்சியிருக்கின்றன. எந்த முதலாளி அதைத் தூக்கிக் குப்பையில் போடுவான்? தீரும்வரை அதிலேயே போட்டு விற்பான். நம் கண்ணாடிக்காரர் கடையிலேயே போன் நம்பர் மாறியபின் பழைய நம்பர் போட்ட கண்ணாடிக் கூடுகளை ஒரு வருஷம் தள்ளிவிடவில்லையா? இத்தனை பெரிய நிபுணருக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை பாருங்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் தான் மட்டும் விழும் என்பது நிச்சயமில்லை.

கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அலமாரியைத் திறந்து பிரிக்காத கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகத் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் அன்றைக்குக் கையில் ஏந்தி, சாட்சி என்று காட்டினார். அந்தச் சாட்சியை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைச் சொல்வார்களே, இவர் அலையக்கூட இல்லை.

பிரித்தால் இதன் மதிப்பு அத்தோடு போச்சு. பிரிக்காவிட்டால்? யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மாமனார் போய்விட்டார். நர்சம்மா பையை மூடிக்கொண்டு போய்விட்டார். தன் பெயர் அப்படியே இருக்கும். மாமனார் பெயரும் அப்படியே இருக்கும், புளுகர் என்று.

பேனாக்கத்தியை எடுத்தார். பட்டை சுலபமாகக் கிழிந்துவிட்டது, அத்தனை வருஷம் காத்ததற்கு ஒரு மரியாதைகூட இல்லாமல். மேலேயே இஸ்பேட் ஆஸ் இருந்தது. ரயிலடி.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நீட்டிக் காட்டிய அந்தக் கை கண்முன் வந்தது, கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கை. "இந்தக் கையாலதான்" என்று சொன்னாரே. பாவி, பாவி என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

மனைவி உலர்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? நான் துடைக்கப் போனாலே கத்துவீங்க. நீங்களே கிழிச்சுப் போட்டிருக்கீங்க?"

அவர் ஆஸையும் பெட்டியையும் அவள் பக்கம் தள்ளினார். அவளுக்குச் சீட்டு சாஸ்திரம் தெரியாது. ஆனால் அந்த இரண்டு விலாசங்களும் அவளால் மறக்க முடியாதவை. படித்தாள். துணிமூட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, மறுபடியும் படித்தாள்.

"அப்ப அப்பா சொன்னது..."

"நிஜம். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அதுக்கப்புறம் அப்பா ஒரு கதைகூடச் சொல்லலைங்க. கவனிச்சீங்களா? மீன் கதை, கேப்டன் மயங்கி விழுந்த கதை, எதுவுமே. நான்தான் வயசாயிடுச்சு, அடங்கிட்டாருன்னு நெனச்சேன். நிம்மதியாகூட இருந்துச்சு எனக்கு."

"பட்டையை ஒட்டி வெச்சுட்டா யாருக்கும் தெரியாது" என்று ஒரு குரல் அவருக்குள் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குக் காது கேட்கவா வேண்டும்?

"அண்ணாகிட்ட சொல்லணும்" என்றாள். "நீங்களா சொன்னா அது மரியாதை. இல்லைன்னா நான் சொல்வேன்."

"இப்பப் போய்ச் சொன்னா அவரு மனசு என்ன பாடுபடும்? யோசிச்சியா?"

"அன்னைக்கு அப்பா மனசு பட்ட பாட்டை யாராவது யோசிச்சோமா?"

ரொட்டிக் கடைக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அன்றைக்குப் போனார்கள். அடுப்பு ஆறியிருந்தது. மச்சான் தட்டுகளை வரிசையாக அடுக்கி, துணியால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க மாப்பிள்ளை! அதிசயமா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க, என்ன விசேஷம்?"

கண்ணாடிக்காரர் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். கம்பெனிகளின் வழக்கம், பெட்டி மிச்சம், அந்தக் காலத்துச் சிக்கனம் என்று. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பிரித்த கட்டை மாவு மேஜைமேல் வைத்தார்.

"மாமா பொய் சொல்லல மச்சான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆஸைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கிழிந்த பட்டையைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு காலத்தில் இதே சாஸ்திரத்தைப் படித்தவர்தானே. மாவு மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

"இது உங்க அலமாரியில இருந்ததா? அன்னைக்குத் தூக்கிக் காட்டினீங்களே, அதா?"

"அதேதான்."

"அன்னைக்கே பிரிச்சிருந்தா?"

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "என்னை ரெண்டு அடி அடிச்சிடுங்க மச்சான். மனசு ஆறும்."

"உங்களை அடிச்சு என்ன பண்ண?" மச்சானின் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "நீங்க சீட்டைப் பார்த்துச் சொன்னீங்க. நான் அவரு முகத்தைப் பார்த்தவன். அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது வழியிலேயே நிறுத்திக் கேட்டேன். 'ஏம்பா நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கறீங்க? நான் பிறந்த அன்னைக்குன்னு சொல்லி ஒரு பொய் சொல்லணுமா? அதுலயாவது ஒரு உண்மை இருக்கக்கூடாதா?'ன்னு. அவரு ஒண்ணும் பேசல. கொஞ்ச தூரம் வந்ததும், 'சரிப்பா, இனிமே சொல்லல'ன்னாரு. அவ்வளவுதான். சாகற வரைக்கும் சொல்லவே இல்ல."

தங்கை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இந்த ஒன்று அவளுக்கும் தெரியாது.

"மாமா கட்டு எங்கே மச்சான்?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

மச்சான் எழுந்து, பிசையும் இயந்திரத்துக்குமேல் இருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினார். "ரெண்டாந்தாரம்தானேன்னு வேலைக்காரங்க ஆட எடுத்துக் கொடுத்துட்டேன். ரொட்டி வேகற நேரத்துல ஆடுவாங்க." டப்பாவைக் கவிழ்த்தார். மாவும் எண்ணெயும் விரல் அழுக்கும் ஏறி, ஓரமெல்லாம் பிசிறடித்து, வளைந்த சீட்டுகள். எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. ஆஸில் ரயிலடி விலாசம் மங்கலாகத் தெரிந்தது.

"பெட்டி?"

மச்சான் மாடிக்குப் போய் எடுத்து வந்தார். பெட்டி எங்கும் நசுங்கவில்லை. புறாக்கள் அப்படியே இருந்தன. திறந்தபோது மருந்து வாடை வந்தது.

"கட்டை நான் வாங்கிக்கிட்டேன். பெட்டியை மட்டும் கொடுக்க மாட்டேன்னுட்டாரு. மாத்திரை போட்டு வெச்சுக்கிட்டாரு. எப்பவும் சட்டைப் பையிலதான் இருக்கும். கடைசியில நாங்க சட்டையைக் கழட்டினப்பவும் இருந்துச்சு."

கண்ணாடிக்காரர் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்தார். பரபரவென்று அடுக்கி, ஓரம் தட்டி, பெட்டிக்குள் விடப் பார்த்தார். போகவில்லை. ஆடி ஆடிச் சீட்டுகள் ஊதிப்போயிருந்தன. கட்டு பெட்டியைவிட அரை விரல் தடிமன் கூடியிருந்தது. பாதியைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். பெட்டியின் ஓரத்து மடிப்பு விரியத் தொடங்கியது.

"அமுக்காதீங்க மாப்பிள்ளை. பெட்டி கிழிஞ்சிடும்."

கை நின்றது. ஒருகாலத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போன கட்டு. 'எப்படி உக்காருதுன்னு பாருங்க' என்று அந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் பெருமையாகக் காட்டிய கட்டு. கண்ணாடிக்காரருக்குக் கண் மறைத்தது. அவசரத்தில், ஏதாவது ஒன்றைச் சரி செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில், தன் கட்டை எடுத்து நீட்டினார்.

"இதை வெச்சுக்குங்க மச்சான். மாமா பெட்டியில இதைப் போட்டுடலாம். புதுசு, யாரும் தொடாதது. அளவாப் போகும். அதே புறா மார்க், அதே ரயிலடி, ஒரு வித்தியாசமும் இருக்காது."

மச்சான் அந்தப் புது மெருகு கலையாத சீட்டுகளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ரெண்டாந்தாரமா மாப்பிள்ளை?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே கேட்கிற குரல். கண்ணாடிக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை அன்றைக்குத்தான் அவர்மேல் விழுந்தது.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"எல்லாக் கதையிலயும் அப்பாதான் ஜெயிப்பாரு" என்று தங்கை திடீரென்று சொன்னாள். "மீன் கதையில ஆள் கூடிக்கிட்டே போகும். கேப்டன் கதையில தடவைக்கு ஒரு ஊர் வரும். இது ஒண்ணுலதான் எப்பவும் ஒரே மாதிரி சொல்வாரு. வாங்கினேன், பிரிச்சேன், ஆடினேன், தோத்தேன். இதுல மட்டும் தோத்துட்டேன்னு சொன்னாரே அண்ணா. அப்பவாவது நமக்கு உறைச்சிருக்கக்கூடாதா?"

மச்சான் ரொட்டிப் பொட்டலம் கட்டுகிற நூலை உருளையிலிருந்து உருவினார். அழுக்கேறிய கட்டையும் காலிப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, பெட்டி நசுங்காமல் இறுக்கி முடிச்சுப் போட்டார். அதைக் கண்ணாடிக்காரரின் கையில் கொடுத்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டுப் போங்க. அன்னைக்குச் சிரிச்சவங்கள்ல பாதிப் பேர் இப்ப இருக்க மாட்டாங்க. இருக்கிறவங்ககிட்டச் சொல்லுங்க."

"கண்டிப்பாச் சொல்றேன் மச்சான். நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"அது கெடக்குது. அப்பா கதையைச் சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே, நின்னுக்கிட்டுச் சொல்லுங்க. தந்தி வந்ததுல ஆரம்பிச்சுத் தோத்தது வரைக்கும், ஒரு வார்த்தை கூட்டாம."

கண்ணாடிக்காரர் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "கப்பல் துறைமுகத்துல நின்னப்ப..." என்று சொல்லிப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். எந்தத் துறைமுகம் என்று மாமனார் சொல்லியிருந்தார். பல தடவை சொல்லியிருந்தார். இவர்தான் ஒரு தடவையும் காது கொடுத்துக் கேட்டதில்லை. நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். மச்சான் தங்கையைப் பார்த்தார். அவளும் தலையை ஆட்டினாள், தெரியாது என்று.